எடுத்துக் கொடுத்தவன்

டீயில் சர்க்கரை கொஞ்சம் தூக்கல், மேடம். குறையாகச் சொல்லவில்லை. காவல் நிலையத்தில் கூப்பிட்டு உட்கார வைத்து டீ கொடுத்ததே பெரிய விஷயம். எனக்குச் சர்க்கரை கம்மியாக இருக்க வேண்டும். அந்தப் பழக்கத்தால் ஒருமுறை ஒரு ராஜ்ஜியமே சிரித்திருக்கிறது. அதை அதன் இடத்தில் சொல்கிறேன்.

பெயர் ஹேமநாதன். வயது அறுபத்திரண்டு. திருமுல்லைவாயில், மல்லிகை அவென்யூ, பி பிளாக், தரைத்தளம். அம்பத்தூர் எஸ்டேட்டில் வால்வு செய்கிற கம்பெனி ஒன்றில் முப்பத்தொரு வருடம் ஸ்டோர்ஸில் இருந்தேன். மனைவி விஜி கோயம்புத்தூரில் மகள் வீட்டில் இருக்கிறாள். மகளின் பிரசவத்துக்குப் போனவள். அந்தக் குழந்தை இப்போது இரண்டாம் வகுப்பு படிக்கிறது. சண்டை ஒன்றும் இல்லை. திரும்பி வர அவள் மறந்துவிட்டாள். நானும் ஞாபகப்படுத்தவில்லை.

தம்பி ஜீவா எழுத ஆரம்பித்துவிட்டார். நல்லது. நான் பேசுவது புத்தகம் படிப்பதுபோல் இருக்கிறது என்று உதட்டுக்குள் சிரிக்கிறார். அது இருபத்திரண்டு வருட நாடகப் பழக்கம். அடித்தாலும் போகாது. அடிக்க மாட்டீர்கள் என்று நம்புகிறேன்.

சித்ரா மேடம், "வேம்புலியம்மாள் கேஸ்தான் முடிஞ்சுபோச்சே சார், திங்கக்கிழமை கோர்ட்ல ஃபெலிக்ஸ் குத்தத்த ஒத்துக்கப் போறாரு, நீங்க எதுக்கு வந்தீங்க" என்று கேட்டீர்கள். நியாயமான கேள்வி. அந்தக் கேஸில் ஒரு சின்னத் திருத்தம் இருக்கிறது. அதற்காகத்தான் வந்தேன்.

முதலில் ஃபெலிக்ஸைப் பற்றிச் சொல்ல வேண்டும். பூந்தமல்லி கோடவுன் ஒன்றில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவன். வயது நாற்பத்து நாலு. குரல் என்றால் அப்படியொரு குரல். சர்ச்சில் அவன் பாட்டை ஆரம்பித்தால் பின்வரிசைக் குழந்தை அழுகையை நிறுத்திவிட்டுக் கேட்கும். எங்கள் அவென்யூவின் நாடகக் குழுவில் அவன்தான் நிரந்தர ராஜா. வருடா வருடம் மே மாத ஆண்டு விழாவில் நாங்கள் போடுவது ஒரே நாடகம், 'ஏரிக்கரை வேந்தன்'. பழைய சோக நாடகம். யார் எழுதியது என்று யாருக்கும் தெரியாது. அச்சில் கிடையாது, நோட்டுப் புத்தகமாகவே கைமாறி வந்தது.

கதை இதுதான். ஓர் இரவு ஏரியின் மதகு திறந்து, தாழ்வான சேரி மூழ்கிப் பலர் சாகிறார்கள். "மதகைத் திறந்தவன் எவனாயினும் தனியனாய் நாட்டை விட்டு ஓடக்கடவான்" என்று ராஜா சபதம் செய்கிறான். நாடகம் முழுக்கத் தேடுகிறான். கடைசியில் பார்த்தால், வெற்றி விருந்தின் போதையில், அரண்மனை நீரூற்று ஆட வேண்டும் என்பதற்காக மதகைத் திறக்கச் சொன்னவன் அவனேதான். கிரீடத்தைக் கழற்றி வைத்துவிட்டுத் தனியாக நடந்து போகிறான். திரை.

இந்த ராஜாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஃபெலிக்ஸைச் சொல்கிறேன். எழுத்துக் கூட்டிக் கையெழுத்துப் போடுவான், அவ்வளவுதான். பாட்டெல்லாம் காதால் கேட்டுக் கற்றது. சர்ச்சில் பாட்டுப் புத்தகத்தை விரித்துப் பிடித்துக்கொண்டு பாடுவான். ஒரு நாள் தலைகீழாகப் பிடித்திருந்தான். இந்த ரகசியம் அவன் மனைவி ஞானகுமாரிக்கும் எனக்கும் மட்டும்தான் தெரியும்.

பிறகு வசனம் எப்படி என்று கேட்பீர்கள். அங்கேதான் நான் வருகிறேன். மேடையின் இடது ஓரம், படுதாவுக்குப் பின்னால் ஒரு ஸ்டூல். அதில் நோட்டுடன் நான். என் பக்கமாகவே சிம்மாசனத்தைப் போடச் சொல்வேன். நான் முணுமுணுப்பேன். அரை நொடியில் அவன் முழங்குவான். மற்ற நடிகர்களுக்கு நான் மறந்தால் எடுத்துக் கொடுப்பவன். ஃபெலிக்ஸுக்கு நான் மொத்த வசனமும். "மனப்பாடம் பண்ணேன்டா" என்றால் சிரிப்பான்.

"நீ கீற சொல்ல எனக்கு இன்னாத்துக்கு அண்ணே மனப்பாடம்? காதாண்ட வருது, வாயாண்ட போவுது. நடுவுல நான் எதுக்கு?"

சர்க்கரை விஷயம் இதுதான். ஒரு வருடம் போர்க்களக் காட்சி. யாரோ பின்னால் வந்து, "சார், டீ எப்படி?" என்று கேட்டார்கள். நான் தலையைத் திருப்பாமல், "சர்க்கரை கம்மியா" என்றேன். மேடையில் ராஜா வாளை உருவிப் படைத்தளபதியைப் பார்த்து, "சர்க்கரை கம்மியா!" என்று கர்ஜித்தான். கூட்டம் உருண்டு புரண்டு சிரித்தது. சங்கச் செயலாளர் டேவிட்டுக்குச் சர்க்கரை வியாதி. அவரைத்தான் ஃபெலிக்ஸ் சமயம் பார்த்துக் கிண்டலடித்தான் என்று நினைத்துவிட்டார்கள். டேவிட்டே மேடையேறி, "ராஜாவுக்கு இன்னா டைமிங்கு பாத்தியா" என்று மைக்கில் சொல்லிச் சால்வை போர்த்தினார். ஃபெலிக்ஸ் சால்வையோடு பின்னால் வந்து என் காலைத் தொட்டான். "அண்ணாத்தே, உம் புண்ணியம்" என்றான். நான் டீயைக் குடித்தேன். ஆறியிருந்தது.

வருத்தம் என்று எழுத வேண்டாம், ஜீவா. உண்மையில் வருத்தம் இல்லை. எனக்குச் சொந்தமாகவும் எழுதத் தெரியும். பதினான்கு நாடகங்கள் எழுதி ஒரு டிரங்குப் பெட்டியில் வைத்திருக்கிறேன். ஒன்றும் மேடை ஏறவில்லை. "சார், நம்ம ஜனத்துக்கு வேந்தனே போதும்" என்பார் டேவிட். அவர் சொல்வதும் சரிதான்.

இனி மழைக்கு வருகிறேன். போன வருடத்துக்கு முந்தின டிசம்பர். எங்கள் அவென்யூ மேட்டில் இருக்கிறது என்று சொல்லித்தான் விற்றார்கள். பக்கத்தில் இருக்கிற பள்ளத் தெருவைப் பார்த்தால் மேடுதான். இரண்டுக்கும் நடுவில் ஆறடி காம்பவுண்டுச் சுவர். எங்கள் வளாகத்தில் தேங்குகிற தண்ணீர் பள்ளத் தெருவுக்குப் போகாமல் அந்தச் சுவர்தான் பிடித்து வைத்திருந்தது. கட்டினவர்கள் அதற்காகக் கட்டவில்லை. அந்தப் பக்கம் கண்ணில் படக்கூடாது என்பதற்காகக் கட்டினார்கள். ஆனாலும் சுவர் நல்ல காரியம் செய்தது.

இரண்டாம் நாள் காலை என் வீட்டுக்குள் முழங்கால் தண்ணீர். பெட்டியைத் தூக்கிக் கட்டிலில் வைத்தேன். ஒன்பது மணிக்குக் கட்டில் விளிம்பைத் தண்ணீர் தொட்டது. கட்டில்மேல் நாற்காலி, நாற்காலிமேல் பெட்டி. பத்தரைக்கு நாற்காலிக் கால் நனைந்தது.

மாடிக்குக் கொண்டுபோயிருக்கலாமே என்று நினைக்கிறீர்கள். போயிருக்கலாம். நேர் மேலே டேவிட் வீடு. பதினெட்டுப் படி. கதவைத் தட்டினால் திறந்திருப்பார், டிபன்கூடக் கொடுத்திருப்பார். ஆனால் "பெட்டியில இன்னா சார்?" என்று கேட்பார். சொல்ல வேண்டி வரும். திறந்து பார்ப்பார். முதல் பக்கத்தைப் படித்துவிட்டு, "நல்லாகீது சார்" என்று சொல்லி மூடிவிடுவார். அதை நான் யோசித்துப் பார்த்தேன், மேடம். அதைவிடச் சுவரை இடிப்பது சுலபம் என்று பட்டது.

ஆமாம். திருத்தம் என்று சொன்னேனே, அது இதுதான். ஜீவா, பேனாவை எடுங்கள். கீழே விழுந்துவிட்டது.

நாடகச் சாமான் அறையின் சாவி என்னிடம்தான் இருக்கும். அங்கே ஒரு சின்னக் கடப்பாரை உண்டு, பந்தக்கால் நடுவதற்கு. பதினோரு மணிக்கு எடுத்துக்கொண்டு போனேன். எல்லாக் கதவும் சாத்தியிருந்தது. பத்தடிக்கு அப்பால் ஆள் தெரியாத மழை. பள்ளத் தெருவில் எல்லோரும் பள்ளிக்கூட முகாமுக்குப் போய்விட்டார்கள் என்று வாட்ஸ்அப்பில் போட்டிருந்தார்கள். அதை நம்பினேன் என்று இப்போதைக்கு எழுதிக்கொள்ளுங்கள். பிறகு திருத்தலாம்.

நாலைந்து செங்கல்தான் நான் எடுத்தது. மீதியைத் தண்ணீரே பார்த்துக்கொண்டது. ஒரு லாரி நீளத்துக்குச் சுவர் படுத்துவிட்டது. என் வீட்டில் கால் மணி நேரத்தில் ஓரடி வடிந்தது. பதினான்கு நோட்டும் தப்பின. பன்னிரண்டாவதில் அட்டை மட்டும் ஈரம்.

பள்ளத் தெருவின் முதல் வீடு வேம்புலியம்மாளுடையது. இட்லிக்கடை வைத்திருந்தவர். வயது ஐம்பத்தாறு. கார்த்திகை மாதம் வழுக்கி விழுந்து வலது காலில் மாவுக்கட்டு. நடக்க முடியாதவரைத் தூக்கிப் போக, மகள் சரசா டிராக்டரும் ஆளும் கூட்டிவர மெயின் ரோட்டுக்குப் போயிருந்தாள். வந்து பார்த்தபோது கட்டில் வாசற்படியில் சிக்கி நின்றது. மீதி உங்கள் ஃபைலில் இருக்கிறது.

சுவரை இடித்தது யார் என்று எல்லோரும் தேடினார்கள். சங்கத்தில் கூட்டம் போட்டார்கள். ஃபெலிக்ஸ் எழுந்து நின்று, "எவன் பண்ணியிருந்தாலும் அவன் இந்த எடத்துல இருக்கக் கூடாது" என்றான். எல்லோரும் கைதட்டினார்கள். அது எங்கள் நாடகத்தின் இரண்டாம் காட்சி வசனம் என்பதை நான் ஒருவன்தான் கவனித்தேன்.

ஐந்து மாதம் ஓடியது. என்மேல் யாருக்கும் சந்தேகம் இல்லை. இருக்கவும் முடியாது, என்னை யாரும் பார்த்ததே இல்லையே. நான் சும்மா இருந்திருந்தால் இன்றைக்கு இந்த டீயைக் குடித்திருக்க மாட்டேன். ஆனால் மனிதன் எத்தனை நாள் ஒரு விஷயத்தை வயிற்றுக்குள் வைத்திருப்பான்? வெளியே சொல்லியாக வேண்டும் என்று தோன்றியது. சொல்லவும் செய்தேன். இருபத்திரண்டு வருடமாக நான் எதைச் சொன்னாலும் எப்படிச் சொல்வேனோ, அப்படியே சொன்னேன்.

போன வருட ஆண்டு விழா. சாயங்காலம் ஆறரை மணி. சுவர் விழுந்த பாவத்துக்குப் பரிகாரம்போல, டேவிட் பள்ளத் தெருக்காரர்களையும் அழைத்திருந்தார். சரசா முன்வரிசையில் உட்கார்ந்திருந்தாள். கடைசிக் காட்சி. நோட்டில் இருக்கிற வசனம் இது: "மதகைத் திறந்தவன் நானே. என் அரண்மனை நீரூற்று ஆடுவதற்காக என் மக்களை மூழ்கடித்தேன்." அவ்வளவுதான். எப்போதுமே எனக்கு அது சப்பென்று இருக்கும். குற்றம் செய்தவன் பேச்சில் ஒரு சாமானாவது இருக்க வேண்டாமா? ஒரு நேரம், ஒரு சத்தம்?

நான் நோட்டை மூடினேன். மெதுவாகச் சொல்ல ஆரம்பித்தேன்.

"மழை நாளின் பதினோரு மணிக்கு, கையில் கடப்பாரையோடு நான் போனேன்" என்றான் ராஜா.

கூட்டத்தில் இருமல் நின்றது.

"ஐந்தாம் வரிசைச் செங்கல்லில் முதல் அடியை வைத்தேன். சுவருக்கு அந்தப் பக்கமிருந்து ஒரு பெண் குரல் கேட்டது. யாரப்பா அது, சுவரைத் தட்டுவது? நகராட்சியம்மா, தண்ணீர் வடிய வைக்கிறோம் என்றேன். மகராசனாக இருப்பா என்றாள்."

இங்கே நான் எடுத்துக் கொடுப்பதை நிறுத்தினேன். மூன்று எண்ணுகிற அளவுக்கு. அவனும் நின்றான். அந்த மூன்றுக்குள் ஒரு கொசு பறந்திருந்தால்கூடக் கேட்டிருக்கும். என் வாழ்க்கையில் அப்படியொரு நிசப்தத்தை எந்த மேடையும் பார்த்ததில்லை.

"பிறகு இடித்தேன்" என்றான் ஃபெலிக்ஸ்.

நீங்கள் குறுக்கே வர வேண்டாம், மேடம், எனக்குத் தெரியும். 'நம்பினேன் என்று எழுதிக்கொள்ளுங்கள், பிறகு திருத்தலாம்' என்று சொன்னேன் இல்லையா? அதைக் கடைசியில் திருத்திவிடலாம். கோவையாக வரட்டும்.

சரசா எழுந்துவிட்டாள்.

"அய்யோ, இவன்தான்யா! எங்கம்மா போன்ல எனக்கு சொன்னத அப்படியே சொல்றான்யா! முனிசிபாலிட்டிக்காரன் சொவராண்ட வந்துகீறான், தண்ணி வடிஞ்சிடும், நீ பதறாம வாடின்னுச்சுய்யா! போலீசத் தவிர ஒர்த்தருக்கும் நான் சொல்லலியேய்யா! இவனுக்கு எப்டி தெரியும்?"

அந்த போன் விஷயம் எனக்கே அப்போதுதான் தெரியும். உண்மையைச் சொன்னால், அந்த இரண்டு வரியைக் காட்சி நன்றாக வருமே என்றுதான் சேர்த்தேன். ஃபெலிக்ஸ் கிரீடத்தோடு சிம்மாசனத்தின் முன்னால் நின்றுகொண்டிருந்தான். கூட்டம் அவனை நோக்கி வருகிறது. அவன் கூட்டத்தைப் பார்க்கவில்லை. தலையை லேசாக இடது பக்கம் சாய்த்து, படுதாவைப் பார்த்தான். அடுத்த வரிக்காகக் காத்திருந்தான்.

நான் எடுத்துக் கொடுக்கவில்லை.

டேவிட்தான் திரையை இழுத்துவிட்டு, அவனை ஒப்பனை அறைக்குள் தள்ளிக் கதவைச் சாத்தினார். உள்ளே நானும் அவனும்.

"அண்ணே, நான் இன்னா சொன்னேன்? இன்னாத்துக்கு அந்தப் பொண்ணு கத்துது? நீ எடுத்துக் குடுத்ததத்தான சொன்னேன்?"

"நான் குடுத்தது 'மதகைத் திறந்தவன் நானே'. மீதியெல்லாம் நீயா சொன்னதுடா."

"நானாவா?"

"உன் வாயில தானா வந்துது. நானே ஆடிப்போயிட்டேன்."

"இல்ல அண்ணே. நோட்ல அப்டி எழுதியிருந்திருக்கும்."

நோட்டைத் திறந்து அவன் முன்னால் வைத்தேன். "நீயே பாரு. எங்கயாவது இருக்கா?"

அவன் பார்த்தான். விரலை வைத்து ஒவ்வொரு வரியாக, மேலிருந்து கீழே, ரொம்ப நேரம் பார்த்தான். எழுத்துத் தெரியாதவன் அவ்வளவு கவனமாகப் படித்து நான் கண்டதில்லை. பிறகு கிரீடத்தைக் கழற்றி நோட்டின்மேல் வைத்தான்.

"இல்ல அண்ணே. இதுல இல்ல" என்றான்.

அந்த மழையின்போது ஃபெலிக்ஸுக்கு மூன்று நாள் காய்ச்சல். மாத்திரை போட்டுத் தூக்கமும் விழிப்புமாகக் கிடந்தான். என்ன நடந்தது என்று அவனுக்கு ஞாபகம் இல்லை. அவன் வீடு முதல் மாடி, தண்ணீர் ஏறவில்லை, சிலிண்டர்தான் தீர்ந்திருந்தது. பதினோரு மணிவாக்கில் ஞானகுமாரி கஞ்சி வைக்க மேல் வீட்டுக்குப் போயிருந்தாள், அரை மணி நேரம். திரும்பி வந்தபோது அவன் கைலி நனைந்திருந்தது. அன்றைக்கு எங்கள் அவென்யூவில் யார் கைலி நனையவில்லை? ஆனால் அவனுக்கு அது போதுமானதாக இருந்தது. ஒரு குரல் சொன்னால் நம்புவது அவன் பழக்கம். அந்தக் குரல் அவனை ஒரு நாளும் கைவிட்டதில்லை.

நீங்கள் கூப்பிட்டு விசாரித்தபோது, "ஆமா மேடம், நான்தான் போல" என்றான். அந்தப் 'போல'வை யாரும் எழுதிக்கொள்ளவில்லை.

ஞானகுமாரி என் வீட்டுக்கு வந்து அழுதாள். "அந்த மனுசன் பாய விட்டே எந்திரிக்கல சார். நீங்க சொன்னா கேட்பாரு. நீங்க ஒரு வார்த்த சொல்லுங்க சார்." நான் பார்க்கலாம் அம்மா என்றேன். ஒரு வார்த்தை சொல்வது எனக்குச் சிரமமில்லை. ஆனால் அவன் அப்போது கிளம்பிவிட்டிருந்தான். ஜாமீனில் வந்த அன்றே பட்டாபிராமில், ரயில்வே கேட் பக்கம் ஒற்றை அறை ஒன்று எடுத்துத் தனியாகப் போய்விட்டான். யாரும் துரத்தவில்லை. "சொன்ன வசனம் சொன்னதுதான்" என்றானாம். ராஜாவின் சபதத்தைச் சொல்கிறான்.

இங்கே ஒன்றைப் பதிவு செய்துகொள்ளுங்கள். அன்றைக்கு மேடையில் சொல்லப்பட்டதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை. வாய் மட்டும்தான் வேறு. ஆகவே நான் உண்மையை மறைத்தேன் என்று யாரும் சொல்ல முடியாது. முந்நூறு பேர் முன்னால், மைக் வைத்துச் சொல்லியிருக்கிறேன்.

அதற்கப்புறம் நிம்மதியாக இருந்தேன். உண்மையாகவே. சிக்கல் வந்தது இட்லிக்கடையில்.

சரசா கடையை மறுபடி திறந்திருந்தாள். ஞாயிற்றுக்கிழமைகளில் நான் அங்கே போவது உண்டு. நல்ல இட்லி. டீ மட்டும் கிடையாது. "முனிசிபாலிட்டிக்காரன் வந்துட்டான்னு அம்மா சொன்னதும், சரி ஆத்தரம் இன்னான்னு ரோட்டாண்ட ஒரு டீ வாங்கிக் குடிச்சினு நின்னேன் சார். அந்த டீ குடிக்காம ஓடியாந்திருந்தா..." என்று ஒரு முறை சொன்னாள். நான் இன்னும் இரண்டு இட்லி கேட்டேன்.

ஃபெலிக்ஸ் அங்கே வர ஆரம்பித்தான். பூசை முடிந்து வெள்ளைச் சட்டையோடு நேராக வருவான். தண்ணீர்க் குடத்தை எடுத்துக்கொண்டு குழாயடிக்குப் போவான். முதல் வாரம் அவள் குடத்தைப் பிடுங்கி வீசினாள். இரண்டாம் வாரம் கழுவின தண்ணீரை மூஞ்சியில் ஊற்றினாள். அவன் துடைத்துக்கொண்டு குடத்தை எடுத்தான். மூன்று மாதம் இப்படி. ஒரு ஞாயிறு, மாவுப் பானையைத் தூக்கிக்கொண்டு எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றிருந்தவனிடம், அவன் முகத்தைப் பார்க்காமலே சொன்னாள்:

"இன்னாத்துக்கு செலையாட்டம் நின்னுகினு கீற? வெச்சிட்டு துன்னு. ஆறிப்பூடும்."

அவன் சுவர்ப்பக்கம் திரும்பி உட்கார்ந்து நாலு இட்லி சாப்பிட்டான். தோள் குலுங்கியது. சரசா என் தட்டில் சட்னி ஊற்றிக்கொண்டே சொன்னாள்:

"தப்பு பண்ணவன்தான் சார். ஆனா ஊரு முன்னாடி ஒத்துக்கினான் பாரு. எத்தினி பேருக்கு அந்த தெகிரியம் வரும்? எங்கம்மா கடைசியா பேசுனத அவன் வாயால கேக்க சொல்ல, எங்கம்மாவே பேசுனா மாரி இருந்துச்சு சார். அத மட்டும் அவன் சொல்லாம வுட்டிருந்தா, எனக்கு அது கெடச்சிருக்குமா?"

மேடம், நான் பதினான்கு நாடகம் எழுதியவன். என் எழுத்தைப் பற்றி ஒரு மனுஷி முதல் முதலாகச் சொன்ன நல்ல வார்த்தை அது. யாரைப் பற்றிச் சொல்கிறாள் பாருங்கள். நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. சட்னியோடு விழுங்கினேன்.

அதன்பிறகு எங்கே போனாலும் அதே பேச்சு. மீன் கடையில், ரயில்வே ஸ்டேஷனில், "மனுசன்னா ஃபெலிக்ஸ்தான்யா" என்கிறார்கள். டேவிட்கூட, "ஜெயிலுக்குப் போயிட்டு வரட்டும் சார், நம்ம ராஜாவத் திரும்பக் கூப்டுக்கலாம்" என்றார். குற்றம் செய்யாதவனுக்குக் குற்றத்தை ஒப்புக்கொண்ட பேர். இது எந்த ஊர் நியாயம்?

சரி, போன ஞாயிற்றுக்கிழமை. இந்த வருட ஆண்டு விழா. ராஜா இல்லை. மொத்த வசனமும் தெரிந்தவன் நான் ஒருவன்தான். இருபத்திரண்டு வருடத்துக்குப் பிறகு படுதாவுக்கு இந்தப் பக்கம் வந்தேன். கிரீடம் கொஞ்சம் பெரிது, துணி வைத்து இறுக்கிக்கொண்டேன். செங்கோல் போன வருட ரகளையில் உடைந்துபோயிருந்தது. அதனால் கடப்பாரையில் தங்கக் காகிதம் சுற்றிப் பிடித்துக்கொண்டேன். ஆமாம், அதே கடப்பாரைதான். நீங்கள் வலைபோட்டுச் சாக்கடை முழுக்கத் தேடினது. நாடகச் சாமான் பெட்டியில், கிரீடத்துக்கு அடியிலேயே இருந்தது. இப்போதும் இருக்கிறது. சாவி இதோ.

கடைசிக் காட்சியில் ஒரு வார்த்தை தவறாமல் சொன்னேன். நோட்டில் இருப்பதைச் சொல்லிவிட்டு, போன வருடம் சேர்த்ததையும் சொன்னேன். பதினோரு மணி, ஐந்தாம் வரிசை, நகராட்சியம்மா, எல்லாம். கடப்பாரையை ஓங்கியும் காட்டினேன். மேடம், இதைவிட ஒரு மனிதன் எப்படி ஒப்புக்கொள்வான்?

முன்வரிசையில் ஒருவர் கைபேசியைப் பார்த்துக்கொண்டிருந்தார். யாரோ, "ஃபெலிக்ஸ் சொன்னத இமிட்டேசன் பண்றாருப்பா" என்றார்கள். சரசா பாதியிலேயே எழுந்து போனாள். கோபமாகக்கூடப் போகவில்லை, கொட்டாவி விட்டுக்கொண்டே போனாள்.

திரை விழுந்ததும் டேவிட் வந்து என் தோளைத் தட்டினார்.

"வசனமெல்லாம் கரெக்ட்டு சார். செங்கோலுகூட ஒரிஜினல் மாரி நல்ல கனமா கீது. ஆனா ஒண்ணு சார், தப்பா எடுத்துக்காதீங்க. பாவம் பண்ணவன் மூஞ்சி உங்களுக்கு வரல."

இரண்டு நாள் தூங்கவில்லை. மனசாட்சி என்பது அப்படித்தான் வேலை செய்யும் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். காலையில் எழுந்து, குளித்து, இஸ்திரி போட்ட சட்டையை மாட்டிக்கொண்டு இங்கே வந்துவிட்டேன். திங்கட்கிழமை ஃபெலிக்ஸ் கூண்டில் ஏறி, "நான்தான்" என்று சொல்லிவிட்டால், கோர்ட்டுக் காகிதத்தில் அது அவன் பேச்சாகிவிடும். ஒரு நிரபராதி உள்ளே போகக்கூடாது. அதற்காகத்தான் வந்தேன். வேறு எந்தக் காரணமும் இல்லை.

இனி அந்தத் திருத்தம். பள்ளத் தெருவில் ஆள் இல்லை என்று நம்பினேன் என்று எழுதினீர்களே, ஜீவா, அதை அடித்துவிடுங்கள். முதல் அடி வைக்கும் வரைக்கும்தான் நம்பினேன். அப்போதே அந்த அம்மாள் குரல் கொடுத்துவிட்டார். "யார்பா அது, சொவர தட்றது?" என்றார். காலில் கட்டுப் போட்டுப் படுத்திருக்கிறவர் என்பது எனக்குத் தெரியும், அவர் கையால் எத்தனையோ நாள் இட்லி சாப்பிட்டிருக்கிறேன். முதல் செங்கல் அப்போது பெயரவில்லை, கீறல்தான் விட்டிருந்தது. கடப்பாரையைத் தோளில் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போயிருக்கலாம். "முனிசிபாலிட்டிம்மா, தண்ணி வடிய வைக்கிறோம்" என்றேன். என் சொந்தக் குரலில், நானாக யோசித்து, யாரும் எடுத்துக் கொடுக்காமல் சொன்னேன்.

"மவராசனா இருப்பா" என்றார்.

நான் நின்றேன். மழைச் சத்தம் மட்டும் இருந்தது. மூன்று எண்ணினேன். பெட்டியை நினைத்துக்கொண்டேன்.

பிறகு இடித்தேன்.

அவ்வளவுதான். எங்கே, ஜீவா, ஒரு முறை வாசித்துக் காட்டுங்கள், கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் கேட்கிறேன். இல்லை, அப்படி ஓடக்கூடாது. 'மவராசனா இருப்பா' என்ற இடத்தில் நிறுத்துங்கள். இன்னும் கொஞ்சம். ஃபெலிக்ஸுக்குக் கூட்டம் வாயடைத்து உட்கார்ந்ததே, அது இந்த நிறுத்தத்துக்குத்தான், அவன் குரலுக்கு இல்லை. மேடம், சிரமம் பார்க்காமல் கீழே ஒரு வரி மட்டும் சேர்க்கச் சொல்லுங்கள். அந்த நிறுத்தமும் என்னுடையதுதான்.